மறு: அப்சைக்கிளிங்குக்குத் தமிழ் என்ன? நாளைக்குள் வேண்டும்

குழுவினருக்கு வணக்கம்.
தேய்ந்த சைக்கிள் உதிரிகளில் பொருள் செய்யும் ஒரு சின்னத் தொழில். டியூபில் பணப்பை, டயரில் இடுப்பு பெல்ட், செயினில் சாவிக்கொத்து, பல்சக்கரத்தில் சுவர்க்கடிகாரம். பொருளோடு கட்டித் தொங்கவிடும் அட்டையை நான் தமிழாக்குகிறேன். கழித்த பொருளை உருக்காமல், மதிப்புக் கூடிய வேறு பொருளாக்குவதைத்தான் ஆங்கிலத்தில் அப்சைக்கிளிங் என்கிறார்கள். அதற்கு 'மறுசுழற்சி' என்று எழுதிக் கொடுத்தேன், "நாங்கள் எதையும் உருக்கவில்லையே" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். நாளைக் காலை அச்சுக்குப் போகிறது. அட்டை இரண்டு விரல் அகலம்தான், அதையும் மனதில் வையுங்கள்.

——

மேற்சுழற்சி.
மேல் + சுழற்சி, லகரம் றகரமாகும், மேற்சொன்ன என்பதுபோல. தயவுசெய்து 'மேல்சுழற்சி' என்று எழுதிவிடாதீர்கள், கண் வலிக்கிறது. எதிர்ச்சொல்லும் சும்மா கிடைக்கிறது: கீழ்ச்சுழற்சி. ஆங்கிலத்திலும் இரண்டையும் ஜோடியாகத்தான் பேசினார்கள். 1994-இல் ரைனர் பில்ஸ் என்ற ஜெர்மானியர், இடித்த கட்டடத்துச் செங்கல்லை நொறுக்குவதற்குப் பெயர் மறுசுழற்சியா, அது மதிப்பைக் கீழே இறக்குவது, நமக்கு வேண்டியது மேலே ஏற்றுவது என்று ஒரு பேட்டியில் பொரிந்து தள்ளினார்.

——

ஐயா, மேற்சுழற்சி என்றதும் எனக்கு மின்விசிறிதான் நினைவுக்கு வருகிறது. 'உயர்சுழற்சி' எப்படி? வினைத்தொகை, ஊறுகாய் மாதிரி. ஒற்றுச் சண்டையும் வராது.

——

> வினைத்தொகை, ஊறுகாய் மாதிரி

'உயர்' தன்வினை அம்மா. உயர்ந்த சுழற்சி, உயர்கிற சுழற்சி, உயரும் சுழற்சி என்று தானாகவே ஏறிக்கொண்டு போகும். இங்கே ஒருவர் உட்கார்ந்து கை வலிக்க வெட்டித் தைக்கிறாரே, பிறவினை வேண்டாமா?

வினைத்தொகை என்றதும் 'உருள்பெருந்தேர்' நினைவுக்கு வந்துவிட்டது. "உருவுகண்டு எள்ளாமை வேண்டும்" என்று தொடங்கி அச்சாணியில் முடிகிறது குறள், பழைய உதிரிக்கு இதைவிட விளம்பரம் உண்டா? அதே கையோடு சைக்கிளை ஈருருளி ஆக்கிவிடுங்கள். சக்கரத்துக்குச் சொல்லா இல்லை நம்மிடம்? ஆரக்கால் இருக்கிறது. குறடு என்றால் இன்று பிடிகருவிதான் தெரியும், ஆனால் அச்சு கோக்கும் நடுக்கட்டைக்கும் அதுதான் பெயர், ஹப் என்று ஏன் திணற வேண்டும்?

——

ஐயா, நான் ஹப் பற்றிக் கேட்கவே இல்லை. ஈருருளி என்று போட்டால் இரண்டு பாத்திரம் என்று நினைப்பார்கள்.

——

நான் டியூபை வெட்டிப் பார்த்தவன், அதனால் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன். கத்தரி வைத்ததும் உள்ளிருந்து வெள்ளைப் பவுடர் கொட்டும், உள்சுவர் ஒட்டிக்கொள்ளாமல் இருக்கப் போட்டது. சோப்புத் தண்ணீரில் இரண்டு தடவை கழுவினால்தான் பளபளப்புத் தெரியும். பஞ்சர் ஒட்டிய இடத்தை நான் பிய்ப்பதில்லை, பணப்பையில் அதுதான் அழகு. கந்தகம் சேர்த்துப் பதப்படுத்திய ரப்பர் இது, 1844-இல் சார்லஸ் குட்இயர் காப்புரிமை வாங்கிய வழி. சூடாக்கினால் மெழுகுபோல உருகாது, கருகும். அப்புறம் எங்கே சுழற்சி?

செயினையும் பாருங்கள். 24 கண்ணி 304.8 மி.மீ. இருக்க வேண்டும். தேய்ந்து ஒரு சதவீதம், அதாவது 3 மி.மீ. நீண்டாலே பல்சக்கரத்தைத் தின்னத் தொடங்கும், கழற்றிப் போடுவார்கள். சாவி மாட்ட அந்த 3 மி.மீ. ஒரு பொருட்டா? பொருள் சுழலவும் இல்லை, உயரவும் இல்லை, வேலைதான் மாறியிருக்கிறது. 'மாற்றுப்பயன்' என்பேன்.

——

பழைய டயரைக் கிணற்றங்கரையில் போட்டு உட்கார்ந்தாலும் மாற்றுப்பயன்தான். மதிப்புக் கூடியது என்ற பொருள் எங்கே போயிற்று? வேண்டுமானால் 'மேம்பயன்'. மேம்பாலம், மேம்பாடு இருக்கும்போது இது இருக்கக்கூடாதா?

——

மேம்பயனுக்கு அகராதி வைத்துக்கொண்டுதான் பணப்பை வாங்க வேண்டும். 'பழையன கழிதலும்' என்று யாராவது தொடங்குமுன் நானே சொல்லிவிடுகிறேன்: இங்கே பழையது கழியமாட்டேன் என்கிறது, அதனால்தான் இந்த இழையே. மறுசுழற்சி என்பது பள்ளிப் பிள்ளைக்குக்கூடத் தெரியும், அதன் பக்கத்தில் நிற்கிற சொல்தான் பிழைக்கும். மின்விசிறியோ என்னவோ, மேற்சுழற்சிக்கே என் ஓட்டு.

——

அனைவருக்கும் நன்றி. எண்ணிப் பார்த்தேன்: மேற்சுழற்சிக்கு நான்கு பேர், அதில் இரண்டு பேர் தனிமடலில் "சரி, விடுங்கள்" என்று மட்டும் எழுதினார்கள். மேம்பயனுக்கு இரண்டு, மாற்றுப்பயனுக்கு ஒன்று. இணையதளத்தில் மேற்சுழற்சி போடுகிறேன். அட்டையில் இடம் பற்றவில்லை, தொழில்காரரே ஒரு வரி சொன்னார், அதுதான் அச்சுக்குப் போகிறது: 'பழைய சைக்கிள் டியூபில் செய்தது'.

——

> பழைய சைக்கிள் டியூபில் செய்தது

டியூபுக்கு உள்ளே உட்கார்ந்தா செய்தார்கள்? முதற்கருவிக்கு மூன்றாம் வேற்றுமை, மண்ணால் செய்த குடம். 'டியூபால்' என்று மாற்ற இன்னும் நேரம் இருக்கிறதா?