ரைகர் கடல் பார்த்த கதை: நாயோடு நீங்கள் போன இடங்களையும் சொல்லுங்கோ

கொக்குவில் மாமரத்தடி

எங்கள் வீட்டு ரைகர் நாலு வருடமாக மாமரத்தடிச் சங்கிலியில் கிடந்தவன். இரவு பத்து மணிக்கு அவிழ்த்துவிட்டால் வளவை நாலு சுற்றுச் சுற்றுவான், வேலியோரம் கிளறுவான், விடியக் கட்டிவிடுவோம். எங்கள் ஒழுங்கையில் முக்கால்வாசி நாய்களின் சீவியம் இதுதான். கடல் சைக்கிளில் போகிற தூரத்தில் கிடக்கிறது, ஆனால் கடலைக் கண்ட நாய் எத்தனை?

போன வைகாசியில் மகள் ஒரே பிடி. அவனையும் கசூரினா கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டுதான் போகவேண்டுமாம். பஸ்ஸில் ஏற்ற மாட்டார்கள் என்பதால் தெரிந்த ஓட்டோக்காரத் தம்பியைக் கேட்டேன். "அண்ணை, நாய்க்கும் ரூர் போடுறியளோ?" என்று சிரித்தார். பிறகு, சீற்றில் பழைய உரப்பை விரித்தால் ஏற்றுவதாகச் சொன்னார். விடிய ஐந்தே முக்காலுக்கு வெளிக்கிட்டோம். யாழ்ப்பாணப் பட்டணத்திலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீற்றர். பொன்னாலைப் பாலத்தில் ஏறியதும் இரண்டு பக்கமும் தண்ணீர். ரைகர் தலையை வெளியே நீட்டி, காதைக் காற்றுக்குக் கொடுத்துவிட்டு இருந்தான். அந்த முகத்தை நான் நாலு வருடத்தில் ஒருநாளும் கண்டதில்லை.

கசூரினா காரைநகரின் வடக்குக் கரை. சோளகம் தென்மேற்கிலிருந்து வீசும்போது ஊரே அதற்கு மறைப்பு. அந்த மாதங்களில் கடல் குளம் மாதிரிக் கிடக்கும், நெடுந்தூரம் போனாலும் முழங்கால் தண்ணீர்தான். வாடைக்காற்றில் இதே கரை வேறு முகம் காட்டும். அதனால் எங்கே போவது என்பதைவிட எந்தக் காற்றில் போவது என்பதுதான் முதல் கேள்வி என்று நினைக்கிறேன்.

ஒரு சாண் உயர அலை ரைகரின் காலைத் தொட்டதும் துள்ளிப் பின்னால் விழுந்தான். பிறகு கால் மணித்தியாலம் கடலைப் பார்த்துக் குரைத்தான். மகள் தண்ணீருக்குள் நடந்து போக, கரையில் நின்று முனகினான், அங்கும் இங்கும் ஓடினான், கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு பாய்ந்தவன்போலப் பாய்ந்தான். நீந்த யார் பழக்கினார்கள்? ஒருவரும் இல்லை.

என் பிழையையும் சொல்லவேண்டும். அவனுக்குக் குடிக்கத் தண்ணீர் கொண்டுபோகவில்லை. ஓடி ஓடித் தாகத்தில் கடல் தண்ணீரையே நக்கிக் குடித்தான். திரும்பி வரும்போது அதே பொன்னாலைப் பாலத்தில், ஓட்டோவுக்குள், எல்லாம் வெளியே வந்தது. உரப்பை காப்பாற்றவில்லை. ஓட்டோவைக் கழுவிக் கொடுத்து, கூலிக்கு மேலே 500 ரூபாயும் கொடுத்தேன். ரைகருக்கு இரண்டு நாள் வயிற்றால் போனது, கஞ்சியோடு கிடந்தான். இப்போது 2 லீற்றர் கிணற்றுத் தண்ணீரும் ஒரு சிரட்டையும் இல்லாமல் படலை தாண்டுவதில்லை.

மணற்காட்டான்

அண்ணை, உங்களுடையது கடல் இல்லை, உப்புக் குளம். வடமராட்சி கிழக்குக்கு வாருங்கோ, ரைகருக்குக் கடல் காட்டலாம்.

பகிடிதான். நானும் என் நாய் சீசரைத் தண்ணீரில் விடுவதில்லை, மணற்காட்டு மணல் மேட்டில்தான் விடுவேன். ஒரு பக்கம் சவுக்கங்காடு, மற்றப் பக்கம் மணல் மூடிய பழைய தேவாலயத்தின் சுவர்கள். மாலை நாலரைக்குப் பிறகுதான் மணல் ஆறும். அதற்கு முதல் செருப்பில்லாமல் நீங்களே பத்து அடி நடந்து பாருங்கோ, நாயின் பாதம் என்ன பாடு படும் என்று விளங்கும். உச்சிக்கு ஓடுவான், வயிறு மணலில் பட சறுக்கி இறங்குவான், திரும்ப ஏறுவான். சறுக்குகிற வித்தையை அவனாகவே கண்டுபிடித்தான். அன்றிரவு குரைப்புச் சத்தமே இருக்காது, அயலுக்கும் நிம்மதி.

நான் எழுத வந்தது பேத்தை மீன் கதை. மாசி மாதம். கரைவலை இழுத்து முடித்து மீன் பிரித்துக்கொண்டிருந்தார்கள். விலைப்படாததை மணலில் எறிந்துவிடுவார்கள். சீசர் எதையோ கவ்விக்கொண்டு சவுக்கு நிழலுக்கு ஓடினான். கருவாடாக்கும் என்று சிரித்துக்கொண்டு நின்றேன். வலைக்காரப் பெரியவர் ஒருவர்தான் கண்டுவிட்டு, "தம்பி, பேத்தை! பேத்தை! வாயைப் பிளந்து எடு!" என்று கத்தினார். பந்துபோல ஊதிக் காய்ந்த மீன். கையை வாய்க்குள் விட்டு இழுத்து எடுத்தேன், பல் பட்ட தழும்பு விரலில் இன்னும் இருக்கிறது. பேத்தையின் நஞ்சு காய்ந்தாலும் போகாது, அவித்தாலும் போகாது. அதற்கு மாற்று மருந்தும் இல்லை. உடம்பு மரத்து, கால் சோர்ந்து, கடைசியில் மூச்சு நிற்கும். தன் வீட்டு நாய் ஒன்று அப்படித்தான் போனது என்றார் பெரியவர். இரவு முழுக்கச் சீசரின் பக்கத்தில் பாயைப் போட்டு அவன் மூச்சை எண்ணிக்கொண்டிருந்தேன். விடியப் பாண் துண்டைக் கண்டு வாலாட்டினான்.

கரைவலை நேரத்தில் இப்போது சங்கிலி என் கையை விட்டுப் போகாது. திருக்கை வாலும் கெளுத்தி முள்ளும் அதே மணலில்தான் கிடக்கும்.

இன்னொன்று. முகமாலைப் பக்கம் போகிறவர்கள், மிதிவெடிப் பலகை நட்ட காணிகளுக்குக் கிட்டவும் நாயை அவிழ்க்க வேண்டாம். அதற்குப் பின்னால் ஓடப்போவது நீங்கள்தான்.

ஹஸ்கிக்காரி

ஓம், யாழ்ப்பாணத்தில் ஹஸ்கி, பனிநாட்டு நாய். திட்டுகிறவர்கள் வரிசையில் வாருங்கோ. நான் வாங்கவில்லை, கொழும்புக்கு மாறிப்போன ஒரு குடும்பம் விட்டுவிட்டுப் போனது.

சித்திரையில் ஒரு ஞாயிறு, வந்த விருந்தாளிகளுக்குக் கோட்டை காட்டப் போனோம். நேரம் 11 மணி. ஸ்னோவும் கூட வந்தாள். போர்த்துக்கேயர் கட்டி, 1658இல் ஒல்லாந்தர் பிடித்த கோட்டை என்று நான் வெளியில் நின்று விளக்கம் கொடுத்துக்கொண்டிருக்க, இவள் அகழிப் பக்கப் புல்லில் சரிந்துவிட்டாள். நாக்கு கடுஞ்சிவப்பு, எச்சில் நூல் நூலாக வடிந்தது, கூப்பிடக் கூப்பிடக் கண்ணைத் திறக்கவில்லை. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பக்கத்தில் தண்ணீர்ப் போத்தல் விற்றுக்கொண்டிருந்த அம்மாதான் காசைக் கேளாமல் போத்தல்களைத் திறந்து வயிற்றிலும் தொடையிடுக்கிலும் பாதத்திலும் ஊற்றினார். "பத்திரிகையால விசுக்கு பிள்ளை, நிப்பாட்டாதை" என்றார். வைத்தியரிடம் கொண்டு போய்ச் சேர்த்த நேரத்திலும் 41 பாகை செல்சியஸ் சூடு. நாய்க்குச் சாதாரணமாக 38, 39தான் இருக்கவேண்டும். தண்ணீர் ஊற்றி விசுக்கினதுதான் காப்பாற்றியது என்று சொல்லிவிட்டு, ஏன் அந்த நேரத்தில் கூட்டிக்கொண்டு போனேன் என்று ஒரு பார்வை பார்த்தார் வைத்தியர். பேச்சு வாங்கியிருந்தால் பரவாயில்லை, அந்தப் பார்வைதான் இன்னும் நிற்கிறது.

எங்களைப்போல நாய்க்கு உடம்பெல்லாம் வியர்க்காது. இரைத்து இரைத்து நாக்கு வழியாகத்தான் சூட்டைத் தள்ளவேண்டும். இவளுக்கு அதற்கு மேல் ஒரு கம்பளி வேறு. இப்போது விடிய ஐந்தரைக்குப் பண்ணைப் பாலத்தடிக்கு மட்டும் போகிறோம். தார் ரோட்டில் புறங்கையை வைத்து ஏழு வரை எண்ணுவேன். எண்ணி முடிக்கேலாவிட்டால் திரும்பி வீடுதான்.

அராலி வயற்கரை

எல்லோரும் கடலையே சொல்கிறீர்கள். மாரியை ஏன் மறந்தீர்கள்?

ஆறில்லாத குடாநாட்டுக்கு மழை விழுந்தால் மட்டும் ஓர் ஆறு வரும், வழுக்கையாறு. ஐப்பசி, கார்த்திகையில் அதன் கரையில் ஜிம்மியோடு நடப்பது எனக்கு நல்லூர்த் தேர் பார்ப்பதைவிடப் பெரிது (அம்மாவுக்குச் சொல்லாதீங்கோ). தவளைக் கத்தல், நெற்பயிர் வாசம், முழங்கால் வரை சேறு. ஜிம்மி தவளைக்குப் பாய்வாள், தவளை போய்விடும், இவள் சேற்றில் மூக்கோடு நிற்பாள். வயல் தண்ணீரைக் குடிக்க மட்டும் விடமாட்டேன், மருந்தடித்த வயல் எது என்று பார்த்துத் தெரியாது. வீட்டுக்கு வந்ததும் காதுமடல், விரலிடுக்கு, வாலடி முழுக்கத் தடவி உண்ணி பார்ப்பேன். ஒரு முறை பாராமல் விட்டதற்கு உண்ணிக் காய்ச்சல் வந்து ஒரு மாதம் மருந்து கொடுத்தோம்.

இனி வெட்கப்படுகிற கதை. தை மாதம் கடனீரேரியில் பூநாரைகள் இறங்கியிருந்தன. தலையைக் கவிழ்த்துச் சேற்றை அரித்துத் தின்றுகொண்டிருந்தன. ஜிம்மி என் கையை உதறிக்கொண்டு தண்ணீருக்குள் ஓடினாள். அவ்வளவு பறவையும் ஒரே நேரத்தில் எழும்பிச்சுது, நனைத்த கூறைச்சேலையை யாரோ வானத்தில் உதறினதுபோல. நான் ஓடிப்போய் மறிக்கவில்லை. போனை எடுத்து வீடியோ எடுத்தேன். சைக்கிளில் வந்த ஐயா ஒருவர் காலை ஊன்றி நின்று, "சாப்பிட இருந்ததுகளை ஏன் மோனை எழுப்பினனி?" என்று கேட்டார். கோபமாகக்கூட இல்லை. பதில் சொல்லத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து வீடியோவை அழித்துவிட்டேன்.

சுண்டிக்குளத்துக்கு நாயோடு போகலாமா என்று முந்தி யாரோ கேட்டதாக ஞாபகம். அது 2015இல் தேசியப் பூங்கா ஆக்கப்பட்ட இடம். நாயை வீட்டில் விட்டுவிட்டுப் போங்கோ.

வல்வெட்டித்துறைப் பட்டம்

தைப்பொங்கல் அன்று எங்கள் கடற்கரைக்கு நாயைக் கொண்டுவர நினைக்கிறவர்களுக்கு: வேண்டாம். சனம் ஒரு பக்கம், பட்டத்தில் பூட்டிக் கூவவைக்கிற விண் ஒரு பக்கம். விண் பூட்டின பட்டம் மேலே ஏறிக் கூவத் தொடங்கியதும் எங்கள் பப்பி தானும் கூடச் சேர்ந்து ஊளையிட்டது. பட்டம் இறங்கும் வரை இதுவும் நிறுத்தவில்லை. இரண்டாம் வருடம் வீட்டுக் கட்டிலுக்குக் கீழே போய்ப் படுத்துக்கொண்டது, சத்தம் அங்கேயும் கேட்டது. அறுந்த நூல் காலில் சுற்றி வெட்டினதும் உண்டு. பொங்கல் கழிந்து ஒரு கிழமை விட்டு வாருங்கோ, அதே வாடைக்காற்று, கடற்கரை வெறுமை.

லீவில் வந்தவன்

ரொறன்ரோவில் நாயை அவிழ்த்துவிட வேலி போட்ட பூங்கா இருக்கிறது. அந்தப் பழக்கத்தில் மார்கழியில் கோண்டாவிலில் பெரியம்மாவின் நாயைப் பட்டி போட்டு ஒழுங்கையால் நடத்திக்கொண்டு போனேன். "கனடாப் பொடியன் நாயைக் கட்டி இழுத்துக்கொண்டு திரியுறான்" என்று படலைக்குப் படலை ஆட்கள். மூன்றாவது முடக்கில் ஐந்து கட்டாக்காலித் தெருநாய்கள் வட்டம் கட்டின. ஒவ்வொரு முடக்குக்கும் ஓர் அரசாங்கம் இருக்கிறது என்று எனக்கு யார் சொன்னது? நான் ஓட வெளிக்கிட, கெண்டைக்காலில் ஒன்று பிடித்தது.

பெரியம்மா கிணற்றடியில் இருத்தி, சவர்க்காரம் போட்டு, ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவவைத்தா. அதன் பிறகுதான் ஆஸ்பத்திரி. பக்கத்து வீட்டு ஆச்சி மஞ்சள் வைக்கச் சொன்னவ, பெரியம்மா கேட்கவில்லை. விசர்நாய்க்கடி ஊசி முழுவதும் போட்டு முடிக்கும் வரை நிற்க விமான ரிக்கற்றை மாற்றவேண்டி வந்தது. பெரியம்மாவின் நாய்க்கு வருடாவருடம் ஊசி போட்ட அட்டை இருந்தது, அதனால் அவனுக்குப் பிரச்சினை இல்லை. ஊசி போடாத நாயை ஒழுங்கைக்கு இறக்கவே கூடாது.

பிறகு பெரியம்மா சொன்ன வித்தை: கையில் ஒரு பூவரசந்தடி. அடிக்க இல்லை, சும்மா நிலத்தில் தட்டிக்கொண்டு போகவேண்டும். அதற்குப் பிறகு அரசாங்கங்கள் ஒன்றும் மறிக்கவில்லை.

பனையடி வளவு

எங்கள் ஜிப்சியின் சுற்றுலா பின்வளவு மட்டும்தான். ஆவணியில் பனம்பழம் விழுகிற காலம். "தொம்" என்று சத்தம் கேட்டால் இரவு எத்தனை மணி என்றாலும் போய்விடுவாள். விடியப் பார்த்தால் மூஞ்சி முழுக்க மஞ்சள், பல்லிடுக்கில் தும்பு. பனங்காய்ப் பணியாரத்துக்கு நல்ல பழம் எடுக்கவேண்டுமென்றால் அவளுக்கு முதல் நான் எழும்பவேண்டும். வடலிக்குள் மட்டும் இரவில் விடுவதில்லை, காவோலைக்குக் கீழே புடையன் பாம்பு கிடக்கும்.

கொக்குவில் மாமரத்தடி

எல்லோருக்கும் நன்றி. பேத்தை கதையை மகளுக்கு வாசித்துக் காட்டினேன், அவள் ரைகரின் வாயைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் படுத்தாள்.

அடுத்த கேள்வி. குறிகட்டுவானில் இருந்து நெடுந்தீவுக்கு நாயோடு போனவர் யாரும் உண்டோ? ரைகருக்குக் குதிரை காட்டவேண்டுமாம்.

மணற்காட்டான்

வள்ளத்தில் ஒரு மணித்தியாலம், அண்ணை. குதிரைகள் கட்டிப்போட்டவை இல்லை, ரைகர் குரைத்தால் உதையும் வாங்குவான். அதைவிடுங்கோ, அந்தக் கடலுக்கு எத்தனை உரப்பை விரிக்கப் போறியள்?

கொக்குவில் மாமரத்தடி

நாலு. மகளுக்கும் ஒன்று வேணும்.