மழைக்குப் பயந்து பறித்த தக்காளிக் காய் – வீட்டுக்குள் பழுக்க வைப்பது எப்படி?

ஹொரமாவு மாடி:
மொட்டை மாடியில் 12 தொட்டி நாட்டுத் தக்காளி. நாலு நாளாக விடாத தூறல், இலையெல்லாம் கருகல். அதனால் மொத்தமாகப் பறித்தாகிவிட்டது. 5 கிலோ இருக்கும், முக்கால்வாசி பச்சை. அரிசி டிரம்மில் புதைக்கலாமா, ஜன்னல் வெயிலில் வைக்கலாமா? எத்தனை நாள் ஆகும்?

தொட்டிமண்:
எல்லாக் காயும் பழுக்காது, முதலில் பிரியுங்கள். ஒரே பருமனில் இருப்பவற்றில் ஒன்றைக் குறுக்கே நறுக்குங்கள். உள்ளே கூழ் நிரம்பி, விதை கத்தியில் அகப்படாமல் வழுக்கி விலகினால் முற்றிய காய். விதையும் சேர்ந்து அறுபட்டு, உள்ளே கெட்டியாக இருந்தால் பிஞ்சு. எத்தனை நாள் வைத்தாலும் சுருங்கும், அவ்வளவுதான். அதைக் கூட்டுக்கோ சட்னிக்கோ எடுத்துவிடுங்கள். முற்றிய காய் வெளியே வெளிறிப் பளபளக்கும். பூ உதிர்ந்த நுனியில் லேசாகச் சிவப்பு தட்டியிருந்தால் செங்காய். ருசியில் செடியில் பழுத்ததற்கு அநேகமாகச் சமம்.

கருகல் ஏறிய செடி என்கிறீர்கள், அதில்தான் கவனம் வேண்டும். காயில் எண்ணெய் தடவியது போன்ற பழுப்புத் திட்டு இருந்தால் தூக்கிப் போடுங்கள், மற்றதோடு கலக்காதீர்கள். நன்றாக இருப்பவற்றையும் ஒரு வாரம் தினமும் புரட்டிப் பாருங்கள். நோய் உள்ளே இருந்தால் அதற்குள் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

ஏலக்கி:
அரிசி டிரம் வேண்டாம். மாங்காய்க்குச் சரி, தக்காளித் தோல் மெல்லிசு, ஒன்று கசிந்தால் அரிசியும் போச்சு. வெயிலும் வேண்டாம். பழுக்க வெளிச்சம் தேவையே இல்லை, 18 முதல் 21 டிகிரி சூடுதான் தேவை.

கழுவாமல் உலர்ந்த துணியால் துடைத்து, குத்தும் காம்பைக் கிள்ளிவிட்டு, அட்டைப் பெட்டியில் செய்தித்தாள் விரித்து ஒரே அடுக்காக, ஒன்றோடொன்று இடிக்காமல் வையுங்கள். நன்கு பழுத்த ஏலக்கி வாழைப்பழம் ஒன்றிரண்டு நடுவில். அதிலிருந்து வரும் எத்திலீன் வாயுதான் காயைப் பழுக்கத் தூண்டுகிறது. பழம் கறுத்தால் மாற்றுங்கள், இல்லையென்றால் பழ ஈ மொய்க்கும். பிளாஸ்டிக் கவரில் கட்டினால் வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும்.

20 டிகிரியில் செங்காய்க்கு ஒரு வாரம், முற்றிய பச்சைக் காய்க்கு இரண்டு வாரம்.

ஹொரமாவு மாடி:
நன்றி. சமையலறையில் ஃப்ரிட்ஜுக்கு மேலேதான் இடம் இருக்கிறது. சூடாக இருப்பதால் சீக்கிரம் பழுக்கும்தானே?

தொட்டிமண்:
அங்கே வேண்டாம் சார். 30 டிகிரியைத் தாண்டினால் சிவப்பு நிறம் தரும் லைகோபீன் உருவாகாது. காய் மெத்தென்று ஆகும், நிறம் மட்டும் மஞ்சளாக நின்றுவிடும். குளிரிலும் அவசரம் கூடாது. பச்சையாக இருக்கும்போது ஃப்ரிட்ஜுக்குள் போனால் திட்டுத்திட்டாகப் பழுக்கும், ருசியும் ஏறாது. கட்டிலுக்கு அடியில் தள்ளி வையுங்கள், இந்தக் குளிரில் அதுவே போதும்.

ஏலக்கி:
மொத்தத்தையும் ஒரே சமயத்தில் பழுக்க விடாதீர்கள். பாதிக்கு வாழைப்பழம் போடாமல் தனிப் பெட்டி வைத்தால் சில நாள் தள்ளிப் பழுக்கும். சந்தையில் யாராவது கார்பைடு கல் நீட்டினால் வாங்காதீர்கள். பழத்துக்கு அதைப் பயன்படுத்தத் தடை இருக்கிறது.