2.5ஜி போர்ட், ஜிகாபிட் ஸ்விட்ச், 100-லேயே நிற்கும் பழைய பிசி

கேள்வி: புது பிசியில் 2.5ஜி (2500 எம்பிபிஎஸ்) லேன் போர்ட் இருக்கிறது. ஸ்விட்ச் ஜிகாபிட் (1000 எம்பிபிஎஸ்). அதே ஸ்விட்சில் 100 எம்பிபிஎஸ் பிரின்டர் ஒன்றும் செருகியிருக்கிறது. அதனால் மற்றவற்றின் வேகம் குறையுமா? இன்னொரு பிசியில் ஜிகாபிட் கார்டு இருந்தும் 100-தான் காட்டுகிறது. கார்டு போய்விட்டதா?

பதில் 1: குறையாது. ஸ்விட்சில் ஒவ்வொரு போர்ட்டும் எதிர்முனையோடு தனியாக வேகத்தை முடிவு செய்துகொள்ளும்: பிரின்டர் 100, புது பிசி 1000. அந்தக் கால ஹப்பில்தான் எல்லாரும் ஒரே வழியைப் பங்கு போட வேண்டும். 2.5ஜி கிடைக்க ஸ்விட்சும் 2.5ஜி ஆக வேண்டும். கேட்5இ கேபிள் ஒழுங்காக இருந்தால் அதுவே 100 மீட்டர் வரை போதும். 2016-ல் வந்த 802.3பிஇசட் என்ற ஈதர்நெட் தரம் அதை வைத்துத்தான் எழுதப்பட்டது.

பதில் 2: கார்டை மாற்றுவதற்கு முன் கேபிளைப் பாருங்கள். 100-க்கு 1, 2, 3, 6 ஆகிய நாலு பின் போதும், ஜிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். வேகப் பேச்சுவார்த்தை நடப்பது 1, 2, 3, 6-ல் மட்டும். ஆகவே நீலமோ (4, 5) பழுப்போ (7, 8) அறுந்திருந்தாலும் இரு பக்கமும் 1000 என்று ஒத்துக்கொள்ளும், பிறகு லிங்க் (இணைப்பு) ஏறாது. சில சிப்கள் தானாக 100-க்கு இறங்கிவிடும், சிலவற்றில் லிங்க் விட்டுவிட்டு வரும்.

பிளக்கை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், எட்டுக் கம்பியும் முன்சுவர் வரை போயிருக்க வேண்டும். 3-ம் 6-ம் ஒரே ஜோடியாக (568பி என்ற கம்பி வரிசையில் பச்சை) இருப்பது முக்கியம். ஜோடி ஜோடியாக வரிசையில் செருகிக் கிரிம்ப் செய்தால் (பிளக்கை அழுத்திப் பொருத்தினால்) விளக்கு டெஸ்டரில் எட்டும் எரியும், ஆனால் 3-ம் 6-ம் வேறு வேறு முறுக்கில் இருப்பதால் சிக்னல் கலந்துவிடும். அந்த டெஸ்டர் இதைக் கண்டுபிடிக்காது.

பதில் 3: கேபிள் சரியென்றால் டிரைவர் செட்டிங்கில் 'ஸ்பீட் அண்ட் டூப்ளெக்ஸ்' பாருங்கள். யாராவது '100 ஃபுல்' (ஒரே நேரத்தில் இரு திசையும்) என்று பூட்டியிருந்தால், ஆட்டோவில் உள்ள ஸ்விட்ச் வேகத்தை மட்டும் கண்டுகொண்டு ஹாஃப் டூப்ளெக்ஸில் (ஒரு நேரத்தில் ஒரு திசை மட்டும்) நின்றுவிடும். பிங் (சின்னச் சோதனைச் செய்தி) அழகாகப் போகும், பெரிய ஃபைல் காப்பி மட்டும் ஊர்ந்து போகும். ஸ்விட்ச் பக்கம் லேட் கொலிஷன் (தாமதமான மோதல்), பிசி பக்கம் சிஆர்சி எரர் (சிதைந்து வந்த தகவல்) எண்ணிக்கை ஏறும். இரு முனையும் ஆட்டோவிலேயே இருக்கட்டும்.

பதில் 4: 2.5ஜி ஸ்விட்ச் வாங்கினால் ஒன்று கவனியுங்கள். பழைய 10ஜி கார்டுகள் பலவற்றுக்கு 2.5 தெரியாது. இன்டெல் எக்ஸ்540 அதில் செருகினால் 1000-க்கு இறங்கிவிடும், எக்ஸ்550-க்கு 2.5-ம் 5-ம் தெரியும்.