மாமாவுக்கு அரச மன்னிப்பு கேக்கணும், மனு எங்க போகணும்?

மல்லிகா, சுங்கை சிப்புட்:
வணக்கம், நம்ம மலேசியாவுல மன்னிப்பு மனு விஷயம் தெரிஞ்சவங்க யாராவது சொல்லுங்க. எங்க மாமா, அம்மாவோட சொந்த தம்பி, 2009ல ரவாங் பக்கம் லோரி ஓட்டிட்டுப் போகும்போது கஞ்சாவோட பிடிபட்டாரு. 39பி கேஸ், அதாவது போதைப்பொருள் கடத்தல் சட்டப்பிரிவு. தூக்குன்னு தீர்ப்பாகி கூட்டரசு நீதிமன்றம் வரைக்கும் போயும் அப்பீல் தோத்துப்போச்சு. அப்புறம் 2023ல சட்டம் மாறினதும் திரும்ப கேஸை எடுத்தாங்க, 2024ல தூக்கு ரத்தாகி 30 வருஷம் ஆச்சு, பிடிச்ச நாள்ல இருந்து கணக்கு. வயசு அம்பது தாண்டிட்டதால ரோத்தான், அதான் பிரம்படி, இல்லன்னுட்டாங்க.

இப்ப பாட்டிக்கு எண்பது தாண்டிடுச்சு. அந்தக் காலத்துல பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்து, ரப்பர் போய் செம்பனை வந்ததும் உதிரிப்பழம் பொறுக்கி பொறுக்கி ரெண்டு முட்டியும் போச்சு, தைப்பிங் ஜெயிலுக்கு கார்ல உக்காந்து வரவே முடியல. மகனை ஒரு தடவை வீட்டு வாசல்ல பாத்துட்டா போதும்னு சொல்லிட்டே இருக்காங்க. போன மாசம் ஒருத்தர் வீட்டுக்கு வந்து, பேராக் அரண்மனையில ஆள் தெரியும், சுல்தானுக்கு மனு போட்டு மன்னிப்பு வாங்கித் தரேன், 8,000 வெள்ளி (ரிங்கிட்) ஆகும், பாதி முன்பணம்னு சொல்லிட்டுப் போனாரு. அம்மா சீட்டு போட்ட கூட்டுப் பணத்தை எடுத்துக் குடுத்துடலாமான்னு கேக்குறாங்க, நான்தான் இருங்கம்மான்னு தடுத்து வெச்சிருக்கேன். தூக்கு குறைஞ்சவங்களும் மன்னிப்பு கேக்க முடியுமா? நாங்களே மனு போடலாமா? ப்ளீஸ்.

செல்வி அக்கா, ஈப்போ:
தங்கச்சி, ஒரு காசு குடுக்காத. அம்மாகிட்ட இன்னைக்கே சொல்லு.

நான் லாயர் ஆபீஸ்ல ரொம்ப வருஷம் வேலை செஞ்சவ, இந்த மாதிரி ஆளுங்களை நிறைய பாத்திருக்கேன். அவன் சொன்னதுலயே பெரிய தப்பு இருக்கு. மாமா பிடிபட்டது ரவாங்ல, ரவாங் சிலாங்கூர். அரசியலமைப்புச் சட்டம் 42வது பிரிவுல தெளிவா இருக்கு, குத்தம் எந்த மாநிலத்துல நடந்துச்சோ அந்த மாநில சுல்தானுக்குத்தான் மன்னிக்கிற அதிகாரம். கோலாலம்பூர், புத்ராஜெயா, லாபுவான்ல நடந்தா நாட்டுக்கே அரசரான மாமன்னர், பினாங்கு, மலாக்கா மாதிரி சுல்தான் இல்லாத இடத்துல நடந்தா ஆளுநர். இப்ப எந்த ஜெயில்ல இருக்காரு, குடும்பம் எந்த ஊருங்கறது கணக்கே இல்ல. உங்க மாமா மனு சிலாங்கூர் மன்னிப்பு வாரியத்துக்குத்தான் போகணும், பேராக் அரண்மனையில யாரைத் தெரிஞ்சும் ஒரு பிரயோஜனமும் இல்ல.

அடுத்தது வாரியத்துல யாரு உக்காந்திருக்காங்கன்னு பாரு. சுல்தான் தலைமை, கூட சட்டத்துறைத் தலைவர், மந்திரி புசார் (மாநில முதலமைச்சர்), அப்புறம் சுல்தான் நியமிக்கிற ஆளுங்க அதிகபட்சம் மூணு பேர். அந்த மூணு பேர்ல சட்டமன்ற உறுப்பினரோ நாடாளுமன்ற உறுப்பினரோ இருக்கவே கூடாதுன்னு சட்டத்துலயே எழுதியிருக்கு. அதனால நான் வாங்கித் தரேன்னு எவன் சொன்னாலும் நம்பாத. YB-க்கள், அதாவது சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினருங்க, ஆதரவுக் கடிதம் குடுக்கலாம், அது தப்பில்ல, அதுக்குக் காசும் கேக்க மாட்டாங்க.

தூக்கு குறைஞ்சவங்க கேக்கலாமான்னா, தாராளமா கேக்கலாம். கோர்ட்ல நடந்தது வேற கதவு. 2023 ஜூலை 4ல இருந்து கட்டாய மரண தண்டனை இல்ல, தூக்கா வேற தண்டனையான்னு நீதிபதி முடிவு பண்ணலாம். ஏற்கனவே தீர்ப்பாகி அப்பீல் எல்லாம் முடிஞ்சவங்களுக்காக தனியா இன்னொரு சட்டம் போட்டாங்க, அது செப்டம்பர் 12ல அமலுக்கு வந்து, ஆயிரத்துக்கும் மேல இருந்த கைதிங்களுக்கு கூட்டரசு நீதிமன்றத்துல திரும்ப ஒரு வாய்ப்பு கிடைச்சுச்சு. அதுல ஒரு தடவைதான் கேக்க முடியும், உங்க மாமாவுக்கு அது முடிஞ்சாச்சு. சுல்தானோட மன்னிப்பு அதிகாரத்தை அந்த சட்டம் தொடவே இல்ல.

மனு போடுறதுக்கு முன்னாடி ஜெயில்ல இருந்து விடுதலை தேதியை எழுத்துல வாங்குங்க. நன்னடத்தைக்கு மூணுல ஒரு பங்கு கழிக்கிற வழக்கம் உண்டு, அவருக்கும் அப்படிக் கழிச்சா 2029 பக்கம் வரும், ஆனா ஜெயில் குடுக்கிற தேதிதான் தேதி, நீங்களா கணக்குப் போட்டு பாட்டிகிட்ட சொல்லிடாதீங்க.

பழைய கிராணி, தெலுக் இந்தான்:
செல்வி சொல்றது சரி. நான் ஒண்ணு சேத்துக்கிறேன், இது மனசுல ரொம்ப நாளா இருக்கு.

2024 ஜனவரி 29ல கோலாலம்பூர், புத்ராஜெயா, லாபுவானுக்கான கூட்டரசுப் பிரதேச மன்னிப்பு வாரியம் முன்னாள் பிரதமர் நஜிப்போட 12 வருஷத்தை 6ஆ குறைச்சுச்சு, 21 கோடி வெள்ளி அபராதத்தை 5 கோடியாக்குச்சு. அவரு ஜெயிலுக்குப் போனது 2022 ஆகஸ்ட்ல. எங்க தோட்டத்து ஜனங்க கேக்கிற கேள்வி நியாயமானது, மனு போட்டுட்டு வருஷக்கணக்கா பதிலே வராம உக்காந்திருக்கிறவங்க இத்தனை பேர் இருக்கும்போது அவருக்கு மட்டும் எப்படின்னு. குறைக்கக் கூடாதுன்னு நான் சொல்லல, ஏன் குறைச்சாங்க, ஏன் மத்தவனுக்குக் குறைக்கலன்னு காரணம் எழுதி வெளிய சொல்லணும்னுதான் சொல்றேன்.

இது புதுசும் இல்ல. மொக்தார் ஹாஷிம்னு ஒரு அமைச்சர், கொலைக் கேஸ்ல 1983ல தூக்கு விதிச்சாங்க, அப்புறம் ஆயுள் தண்டனையா குறைஞ்சுச்சு, 1991ல வெளிய வந்துட்டாரு. அதே காலத்துல சிம் கீ சோன்னு ஒருத்தர், துப்பாக்கி வெச்சிருந்த கேஸ், அவரால யாரும் சாகல. அமைச்சருக்கு கருணை காட்டினீங்க எனக்கு ஏன் இல்லன்னு கோர்ட்டுக்குப் போனாரு. மன்னிப்பு விஷயத்துல நீதிமன்றம் கேள்வி கேக்க முடியாதுன்னு சொல்லிட்டாங்க, 1986 மார்ச்ல தூக்குல போட்டுட்டாங்க. எனக்கு அப்ப இளவயசு, பேப்பர்ல படிச்சது இன்னும் மறக்கல. சட்டம் எவ்வளவு மாறினாலும் இந்த ஒரு இடம் மட்டும் இருட்டாவே இருக்கு.

ஒரு தாய், கமுந்திங்:
மன்னிச்சுக்குங்க, நான் வேற மாதிரி பேசுவேன். என் மகன் போதையில அழிஞ்சு செத்தான். வீட்டுல இருந்த கேஸ் தோம்புல (சிலிண்டர்) இருந்து என் தாலிக்கொடி வரைக்கும் வித்துட்டான். அந்த சாமானை யாரோ ஒருத்தன் லோரியில ஏத்திட்டுத்தானே வந்திருப்பான்? மல்லிகா பாட்டிக்காக எனக்கு நெஞ்சு அடைக்குது, பெத்த வயிறு எனக்கும் தெரியும். ஆனா மன்னிப்பு மன்னிப்புன்னு பேசும்போது எங்களை யாரும் கேக்குறதில்ல. தூக்கு வேணாம்னு நானும்தான் நினைக்கிறேன், தூக்குல போட்டதால என் மகன் குடிச்ச சாமான் ஊருக்குள்ள வராம நின்னுடல. ஆனா செஞ்சது என்னன்னு அவரு மனசார ஒத்துக்கணும், அது மனுவுல இருக்கணும்.

லிந்தாங் தம்பி:
அம்மா நீங்க சொன்னதை நான் மதிக்கிறேன். ஆனா லோரி ஓட்டுறவன் வேற, சாமான் முதலாளி வேற. நம்ம பக்கத்துல தஞ்சோங் ரம்புத்தான் நாகேந்திரன் கேஸ் எல்லாருக்கும் தெரியும். சிங்கப்பூருக்கு 42.72 கிராம் ஹெரோயின் கொண்டு போனதுக்கு 2022 ஏப்ரல் 27ல தூக்குல போட்டுட்டாங்க, அறிவு வளர்ச்சி குறைவுன்னு எத்தனை பேர் எடுத்துச் சொன்னாங்க, நம்ம மாமன்னரே கருணை கேட்டு எழுதினாரு, ஒண்ணும் நடக்கல. அங்க ஜனாதிபதி மன்னிக்கிறது அமைச்சரவை சொல்றபடிதான். 2025 ஆகஸ்ட்ல ஒருத்தருக்கு மரண தண்டனையை ஆயுளா குறைச்சாங்க, 1998க்கு அப்புறம் அதுதான் முதல் தடவை. அந்த முதலாளிங்க யாரும் எந்த ஜெயில்லயும் இல்ல. அதனாலதான் கட்டாயத் தூக்கு போனது நல்லதுன்னு சொல்றேன், யாரு எதுக்காக செஞ்சான்னு நீதிபதி பாத்து முடிவெடுக்க இடம் இருக்கணும்.

மல்லிகா, சுங்கை சிப்புட்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. கமுந்திங் அம்மா, உங்க பதிலை அம்மாவுக்குப் படிச்சுக் காட்டினேன், ரொம்ப நேரம் பேசவே இல்ல. மாமா செஞ்சது தப்புன்னு அவரே எப்பவும் சொல்லுவாரு, அதை மனுவுல அவர் வாயால எழுதச் சொல்றேன். அந்த ஆளுக்கு வேணாம்னு சொல்லியாச்சு, இன்னும் போன் அடிச்சிட்டே இருக்கான். செல்வி அக்கா, மனுவுல என்னென்ன வைக்கணும்?

செல்வி அக்கா, ஈப்போ:
அந்த நம்பரை பிளாக் பண்ணு, மெசேஜ் வந்தா அழிக்காம வை, போலிஸ் ரிப்போர்ட் போட வேண்டி வந்தா உதவும்.

மலாய்ல எழுதுங்க, ரெண்டு மூணு பக்கம் போதும். மாமாவோட பேரு, ஐசி (அடையாள அட்டை) நம்பர், கைதி நம்பர், கேஸ் நம்பர், எந்த ஊர்ல எந்த தேதி பிடிபட்டாரு, 2024 தீர்ப்போட காப்பி. அவரே எழுதின ஒரு பக்கம் தனியா. ஜெயில்ல என்ன வேலை கத்துக்கிட்டாரு, ஏதாவது சர்ட்டிபிகேட் இருந்தா காப்பி. பாட்டிக்கு கிளினிக் கார்டும் டாக்டர் லெட்டரும், முட்டி என்ன நிலைமைன்னு டாக்டரே எழுதினதா இருக்கணும், நீங்க எழுதினா எடுபடாது. வெளிய வந்தா எங்க தங்குவாரு, யாரு வேலை குடுப்பாங்கன்னு ஒரு லெட்டர், உங்க ஊர்ல லோரி கம்பெனி இல்லன்னாலும் ஒர்க்‌ஷாப்பாவது இருக்கும்ல, போய் கேளுங்க. குத்தமே செய்யலன்னு மட்டும் எழுதிடாதீங்க, அது கோர்ட்ல முடிஞ்ச விஷயம், இங்க கேக்கிறது கருணை. முழு மன்னிப்புன்னு கேக்கிறதை விட மிச்ச தண்டனையைக் குறைக்கச் சொல்லிக் கேளுங்க. ரெண்டும் வேற வேற. ஜெயில்ல இருந்த அரசியல் தலைவர் அன்வார் இப்ராஹிமுக்கு 2018 மே 16ல கிடைச்சது முழு மன்னிப்பு, அதனாலதான் அதே வருஷம் தேர்தல்ல நிக்க முடிஞ்சுச்சு. உங்களுக்கு வேண்டியது பாட்டி இருக்கிறப்பவே அவர் வீட்டுக்கு வரணும், அவ்வளவுதான், அதை நேரா கேளுங்க.

ஜெயில் வழியாவே மனுவை அனுப்பச் சொல்லி மாமாகிட்ட சொல்லு, இன்னொரு காப்பி கையில வை, வாங்கினதுக்கு முத்திரை போட்டு வாங்கிக்க. ஈப்போவுல வழக்கறிஞர் மன்றத்தோட இலவச சட்ட உதவி மையம் இருக்கு, வர்ற திங்கக்கிழமை நான் அந்தப் பக்கம்தான் போறேன், எழுதினதை எடுத்துட்டு வா, சேந்து பாத்துடலாம். தீர்ப்பு காப்பி மறக்காத.