பழைய ஆங்கில ஜெபத்தில் 'பிரிவென்ட்' என்றால் தடுப்பதா?

கேள்வி:

இங்கிலாந்துத் திருச்சபையின் 1662ஆம் ஆண்டுப் பொது ஜெபப் புத்தகத்தைச் சில வாரங்களாக வாசித்து வருகிறேன். அதிலுள்ள ஒரு சிறு ஜெபம் 'பிரிவென்ட் அஸ், ஓ லார்ட், இன் ஆல் அவர் டூயிங்ஸ்' என்று தொடங்குகிறது. நான் அறிந்த ஆங்கிலத்தின்படி, 'ஆண்டவரே, நாங்கள் செய்யும் எல்லாவற்றிலும் எங்களைத் தடுத்தருளும்' என்றே பொருள் கொள்ள வேண்டியிருக்கிறது. யாராவது இப்படி வேண்டிக்கொள்வார்களா? விசுவாசப் பிரமாணத்தில் வரும் 'குவிக்', பரிசுத்த ஆவியானவரைக் குறிக்கும் 'கோஸ்ட்' ஆகிய சொற்களும் இவ்வாறே இடறுகின்றன. அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி 1:

ஜெபத்தை எழுதியவர்கள் 'எங்களுக்கு முன்னே செல்லும்' என்றுதான் வேண்டினார்கள். லத்தீனில் 'ப்ரே' என்பது முன், 'வெனீரே' என்பது வருதல். இரண்டும் சேர்ந்து பிறந்த சொல்லே 'பிரிவென்ட்'. அதே வாக்கியத்தைச் சற்றுத் தொடர்ந்து வாசியுங்கள்: 'ஃபர்தர் அஸ்', அதாவது எங்களை மேலும் நடத்திச் செல்லும், என்று வரும். தொடங்குமுன் ஆண்டவர் முன்செல்ல வேண்டும், தொடங்கிய பின் தொடர்ந்து துணைநிற்க வேண்டும் என்ற அழகான இணையை அந்த இரு வினைச்சொற்களும் தாங்கி நிற்கின்றன. முதற்சொல்லைத் தவறாகக் கொண்டால் ஜெபமே குலைந்துவிடும்.

1611ஆம் ஆண்டு ஆங்கில வேதாகமத்திலும் இச்சொல் இப்பொருளில் வருகிறது. 119ஆம் சங்கீதத்தில் பாடுகிறவர் விடியலை 'பிரிவென்ட்' செய்தேன் என்கிறார். விடியுமுன் எழுந்தேன் என்பதே கருத்து. முதலாம் தெசலோனிக்கேயர் 4:15இல் உயிரோடிருப்பவர்கள் நித்திரையடைந்தவர்களை 'பிரிவென்ட்' செய்வதில்லை என்று இருக்கும் இடத்தில், நம் தமிழ் வேதாகமம் 'முந்திக்கொள்வதில்லை' என்கிறது. ஒருவரை முந்திக்கொண்டு நிற்பவர் அவருடைய வழியை மறிக்கவும் கூடும் என்பதால், தடுத்தல் என்ற பொருள் மெல்ல மேலோங்கிப் பழைய பொருளை விழுங்கிவிட்டது.

மறுமொழி 2:

மற்ற இரண்டுக்கும் நான் விடை தருகிறேன். 'குவிக்' என்றால் அன்று உயிருள்ளது. விரைவு என்பது பின்னால் வந்த பொருள். ஆகவே விசுவாசப் பிரமாணத்தில் அது 'உயிரோடிருக்கிறவர்கள்' என்பதற்கு மேல் எதையும் சொல்லவில்லை.

'கோஸ்ட்' என்ற சொல்லைத் தமிழரால் எளிதில் புரிந்துகொள்ள முடியும் என்பது என் எண்ணம். பழைய ஆங்கிலத்தில் 'காஸ்ட்' என ஒலித்த இச்சொல் உயிர்மூச்சையும் ஆவியையும் குறித்தது. 'ஆவி பிரிந்தது' என்று மரியாதையோடு சொல்லும் நாமே 'ஆவி நடமாடுகிறது' என்று அச்சத்தோடும் சொல்கிறோம். தமிழ்ச் சொல் இரண்டையும் இன்றுவரை சுமக்கிறது, ஆங்கிலச் சொல்லோ அன்றாடப் பேச்சில் பேயோடு நின்றுவிட்டது.

இவற்றைவிட என் மனத்தை அதிகம் தொட்ட சொல், அன்று அன்பைக் குறித்த 'சாரிட்டி'. முதலாம் கொரிந்தியர் 13ஆம் அதிகாரத்தில், 1526ஆம் ஆண்டு வெளிவந்த தம் ஆங்கிலப் புதிய ஏற்பாட்டில் மொழிபெயர்ப்பாளர் வில்லியம் டிண்டேல் அதற்குப் பதிலாக 'லவ்' என்று எழுதினார். கத்தோலிக்க அறிஞரான தாமஸ் மோர் அதையும், 'சர்ச்' (திருச்சபை) என்பதற்குப் பதிலாக டிண்டேல் வைத்த 'காங்கிரகேஷன்' (கூடிவரும் மக்கள்) என்பதையும் 1529இல் கடுமையாக எதிர்த்தார், ஏனெனில் ஒரு சொல்லை மாற்றினால் திருச்சபையின் அதிகாரமே ஆட்டம் காணும் என்பதை இருவரும் அறிந்திருந்தார்கள். 1611ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பு அந்த அதிகாரத்தில் 'சாரிட்டி' என்றே வைத்துக்கொண்டது. பின்னர் அச்சொல், நம்முடைய 'தருமம்' பிச்சையிடுதலாகச் சுருங்கியதைப் போலவே, கொடையாகச் சுருங்கிவிட்டது.

மறுமொழி 3:

இன்னும் பின்னால் சென்றால், லத்தீனிலிருந்து பெறாத சொந்தச் சொற்களைக் காணலாம். நற்கருணைக்கு 'ஹூசல்', சிலுவைக்கு 'ரூட்' என்றார்கள். கல்லறைத் தோட்டத்தின் 'லிச்கேட்' வாயிலில் உள்ள 'லிச்' என்பது உடலைக் குறித்த சொல். சவப்பெட்டியோடு வருபவர்களைக் குருவானவர் அங்கே எதிர்கொள்வார். 'பீட்' என்பதன் கதை தனிச்சிறப்புடையது. அது முதலில் ஜெபத்தைக் குறித்தது. ஜெபங்களை எண்ண நூலில் கோத்த மணிகளை விரல்கள் தள்ளித் தள்ளிப் பழகியதில், பெயர் ஜெபத்தை விட்டு மணிக்குப் போய்விட்டது.

கேட்டவர்:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. அந்த ஜெபத்தை இப்போது 'முன்செல்லும்' என்று வைத்து வாசித்தேன், முழுதும் தெளிவாகிவிட்டது. இன்னும் ஒன்று மட்டும் கேட்கிறேன். திருமண ஆராதனையில் மணமகன் மணமகளிடம் 'வித் மை பாடி ஐ தீ வர்ஷிப்' என்கிறானே, கடவுளுக்குரிய ஆராதனையை மனைவிக்குச் செலுத்துவது எப்படித் தகும்?

மறுமொழி 1:

'வர்த்' என்பது மதிப்பு. 'வர்ஷிப்' அதிலிருந்து வந்தது, மதிப்புக் கொடுத்தல் என்பதே அதன் வேர்ப்பொருள். அதனால்தான் இங்கிலாந்தில் நகரத் தலைவரையும் நீதிபதிகளையும் 'யுவர் வர்ஷிப்' என்று விளிக்கும் வழக்கம் உண்டாயிற்று. உங்களுக்கு எழுந்த அதே ஐயத்தால் பழங்காலத்திலேயே, இங்கிலாந்துத் திருச்சபையை மேலும் சீர்திருத்த விரும்பிய பியூரிட்டன்கள் இந்த வரியை எதிர்த்தார்கள். 1980ஆம் ஆண்டின் மாற்று ஆராதனைப் புத்தகத்தில் அந்த இடத்தில் 'ஹானர்', அதாவது மதிப்பளித்தல், என்ற சொல் வைக்கப்பட்டது. மணமகன் முன்பும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தான்.