டி என்று எழுதி யு என்று படிக்கும் கதை

காப்புரிமை விண்ணப்பத்தில் வரும் டிஎன்ஏ, ஆர்என்ஏ, புரத வரிசைகளைத் தனிப் பட்டியலாகக் கொடுக்க வேண்டும், அதுதான் சீக்வன்ஸ் லிஸ்டிங். அதைத் தயாரிப்பவர்கள் பட்ட பாடு பலவிதம், என் பங்குக்கும் ஒன்று.

2022 ஜூலை 1 அன்று இந்தப் பட்டியலுக்கான எஸ்.டி.25 என்ற பழைய டெக்ஸ்ட் வடிவ விதி போய், எஸ்.டி.26 என்ற எக்ஸ்.எம்.எல். வடிவ விதி வந்தது. என்னிடம் வந்தது 2023இல் அமெரிக்காவில் தாக்கல் செய்ய வேண்டிய ஒரு டிவிஷனல், அதாவது தாய் விண்ணப்பத்திலிருந்து பிரித்தெடுத்த விண்ணப்பம். தாய் விண்ணப்பம் 2019ஆம் வருடத்தது, அதனால் பழைய டெக்ஸ்ட் ஃபைலையே அப்படியே வைத்துவிடலாம் என்று நிம்மதியாக இருந்தேன். டிவிஷனல் என்றைக்குத் தாக்கலாகிறதோ அந்தத் தேதிதான் கணக்கு, தாய் விண்ணப்பத்திலிருந்து வரும் முன்னுரிமைத் தேதி இல்லை என்று சீனியர் சொன்னபோது கைவசம் இருந்தது இரண்டே நாள்.

சரி, எக்ஸ்.எம்.எல்.தானே, உலக அறிவுசார் சொத்து அமைப்பின் வைப்போ சீக்வன்ஸ் சாஃப்ட்வேரில் ஏற்றினால் முடிந்தது என்று உட்கார்ந்தேன். பட்டியலில் இருந்தவை எஸ்ஐஆர்என்ஏ (மரபணுவை அடக்கும் குட்டி ஆர்என்ஏ) இழைகள், ஒவ்வொன்றும் 21 எழுத்து. முதல் 19 ஆர்என்ஏ, வால் பக்கம் இரண்டு மட்டும் டிஎன்ஏவின் தைமிடின், அதன் எழுத்து டி (T). புது விதியில் ஆர்என்ஏவின் யுராசிலைக் குறிக்கும் யு (U) என்ற எழுத்தே கிடையாது, ஆர்என்ஏ என்று குறித்துவிட்டால் டி என்பதை யுராசில் என்றுதான் படிக்க வேண்டும். நான் எல்லாவற்றையும் ஆர்என்ஏ என்று குறித்துவிட்டேன். சாஃப்ட்வேர் ஒரு பிழையும் காட்டவில்லை, காட்டவும் காட்டாது, ஏனென்றால் எழுத்தில் தப்பே இல்லை. ஆனால் அர்த்தத்தில் அந்த இரண்டு தைமிடினும் யுராசிலாகிவிட்டன! அப்படியே போயிருந்தால் மூல விண்ணப்பத்தில் இல்லாத ஒரு மூலக்கூறைப் பட்டியலிட்டதாக ஆகியிருக்கும். கிளையன்ட் தரப்பு விஞ்ஞானி "எங்கள் யு எல்லாம் எங்கே போச்சு?" என்று பதறிக் கேட்டார், அவருக்கு விளக்கம் எழுத உட்கார்ந்தபோதுதான் இது என் கண்ணிலேயே பட்டது.

இரண்டும் கலந்த இழையை டிஎன்ஏ என்றே குறிக்க வேண்டும், உயிரினம் என்ற இடத்தில் செயற்கைக் கட்டமைப்பு என்று போட்டு, எந்த எழுத்திலிருந்து எதுவரை ஆர்என்ஏ, எது டிஎன்ஏ என்று ஒவ்வொரு துண்டுக்கும் தனிக் குறிப்பு எழுத வேண்டும். ராத்திரி முழுக்க அதுதான் வேலை.

அப்புறம் பட்டியலின் 7ஆம் எண்ணில் மூன்றே அமினோ அமிலம் கொண்ட ஒரு பெப்டைடு. குறைந்தது நான்கு இருந்தால்தான் பட்டியலில் சேர்க்கலாம். அழித்தேன், 8 வந்து 7ஆக உட்கார்ந்துகொண்டது, விவரணையிலும் கோரிக்கைகளிலும் உள்ள எண்கள் எல்லாம் சரிந்துவிட்டன. அந்த இடத்தை விட்டுவிடாமல் 000 போட்டு வைத்ததும் எண்கள் பழையபடி நின்றன.

டி-அமினோ அமிலங்கள் (D, வழக்கமான அமினோ அமிலங்களின் கண்ணாடிப் பிம்ப வடிவம்; மேலே சொன்ன T இல்லை) உள்ள பழைய பட்டியலை யாராவது மாற்றியிருக்கிறீர்களா? முன்பு அவற்றைச் சேர்க்காமல் தப்பித்தோம், இப்போது சேர்த்தாக வேண்டும். அடுத்த வாரம் எனக்கு ஒன்று வருகிறது.