ஸ்வீடன் சோசலிச நாடா? – எங்கள் குடும்பக் குழு, சைதாப்பேட்டை

கவிதா: பெரியப்பா, குரூப் 1 மெயின்ஸுக்கு நோட்ஸ் எழுதறேன். கம்யூனிசத்துக்கு ரஷ்யா, ஜனநாயக சோசலிசத்துக்கு ஸ்வீடன்னு உதாரணம் போட்டிருக்கேன். சரியா?

பெரியப்பா: ஸ்வீடனை அங்க போடாதம்மா. அது சமூக ஜனநாயகம். வரி அதிகம், படிப்பு, மருத்துவம் எல்லாம் அரசு பொறுப்பு. ஆனா வோல்வோவும் எரிக்சனும் தனியார்தான்.

சித்தி: ரெண்டே கேள்வி கேளு கவி. ஆலை யாருக்குச் சொந்தம்? ஆட்சியை ஓட்டு போட்டு இறக்க முடியுமா?

சித்தி: சமூக ஜனநாயகத்துல ஆலை முதலாளிகிட்ட, ஆட்சியை மாத்தலாம். ஜனநாயக சோசலிசத்துல ஆலையே உழைக்கறவங்க கைக்கு வரணும், ஆட்சியையும் மாத்தலாம். சோவியத்ல ஆலை அரசுகிட்ட, ஆட்சியை மாத்த வழியில்ல.

கவிதா: ஓட்டு போட்டே ஆலை எப்படி கை மாறும்? பறிமுதலா?

பெரியப்பா: இல்ல. 1976ல ஸ்வீடன் தொழிற்சங்கக் கூட்டமைப்பு ஏத்துக்கிட்ட மெய்ட்னர் திட்டத்தைப் பாரு. லாபத்துல 20 சதவீத மதிப்புக்கு புதுப் பங்கு போட்டு தொழிலாளர் நிதியத்துக்குக் கொடுக்கணும். 100 கோடி லாபம்னா 20 கோடிக்குப் பங்கு. பணம் கம்பெனிக்குள்ளயே இருக்கும், முதலீடு குறையாது. வருஷா வருஷம் சேர்ந்து, பாதிப் பங்கைத் தாண்டினா ஆலை அவங்களோடது.

பெரியப்பா: இந்த ஒண்ணைப் புரிஞ்சுக்கிட்டா போதும், வித்தியாசம் மறக்கவே மறக்காது.

சித்தி: ஆனா நடக்கல மாமா. 1983ல சட்டமா வந்தப்போ நீர்த்துப்போச்சு. கம்பெனி புதுப் பங்கை நேரா கொடுக்கறதுக்கு பதிலா, வரி வசூலிச்சு சந்தையில பங்கு வாங்கற நிதியமா சுருங்கிடுச்சு. அதுக்கே முதலாளிங்க ஸ்டாக்ஹோம்ல ஊர்வலம் போனாங்க. 1991ல ஆட்சி மாறுச்சு, புது அரசு நிதியத்தையே கலைச்சிடுச்சு. ஓட்டுல வந்தது ஓட்டுலயே போகும், அதையும் எழுது.

கவிதா: கம்யூனிசத்துக்கு சோவியத் ஓகேவா?

பெரியப்பா: "கம்யூனிஸ்ட் கட்சி ஆட்சி"ன்னு எழுது. மார்க்ஸ் சொன்ன கம்யூனிசத்துல வர்க்கமும் இல்ல, அரசும் இல்ல. சோவியத் பேர்லயே "சோசலிச"தான் இருந்தது. அங்க பெரிய கோளாறு திட்ட இலக்கு. சரவிளக்குக்கு டன் கணக்குல இலக்கு வெச்சதால விளக்கு கனமாயிட்டே போகுதுன்னு சோவியத் தலைவர் குருஷ்சேவே குறைப்பட்டார். வாங்கறவனுக்கு எது வேணும்னு மேல இருக்கறவங்களுக்குச் சொல்ல சந்தை விலையும் இல்ல, ஓட்டும் இல்ல.

கவிதா: அப்போ 1957ல கேரளாவுல வந்த கம்யூனிஸ்ட் ஆட்சி?

பெரியப்பா: அப்போ முதல்வரான இ.எம்.எஸ். தேர்தல்ல ஜெயிச்சு வந்தவர். அவர் ஆட்சியை 1959ல மத்திய அரசு கலைச்சது. கட்சிப் பேரை வெச்சு முடிவு பண்ணாத, சித்தியோட ரெண்டு கேள்வியைப் போட்டுப் பாரு.

சித்தி: நம்ம ஊர் உதாரணமும் சேரு. 1955 ஆவடி காங்கிரஸ்ல "சோசலிச பாணி சமுதாயம்"னு தீர்மானம். அதே வருஷம் பெரம்பூர்ல ஐசிஎஃப் திறந்தாங்க. ரயில் பெட்டி ஆலை அரசோடது, டாடா இரும்பாலை தனியார்கிட்டயே. ரெண்டும் கலந்த பொருளாதாரம்.

கவிதா: ஐசிஎஃப் அரசோடதுன்னா தொழிலாளிக்குச் சொந்தம்னு ஆகாதா சித்தி?

சித்தி: ஆகாது. மேலாளரை நியமிக்கறது ரயில்வே, தொழிலாளி இல்ல. அரசுடைமை வேற, தொழிலாளர் உடைமை வேற. இதைத் தனி வரியா எழுது.